எங்கட கேமுக்கும் காலாவதித் திகதியா?

தோழர்களுக்கு,

வாற ஞாயிறு கூட்டத்தில் ஒரு வாக்கெடுப்பு இருக்கிறது. பார்க்கச் சின்ன விடயம்: 'காலாவதி' கேமை எந்த எஞ்சினில் செய்யிறது, எங்கே ஏற்றுறது. போன சூம் கூட்டத்தில் இது பத்து நிமிசத்தில் முடிஞ்சிருக்கும். "யூனிட்டியில செய்வம், எல்லாருக்கும் தெரியும். இட்ச்சில போடுவம், டிஸ்கோர்டில ஆக்களைச் சேர்ப்பம்" என்று மெல்பேர்ன் தோழர் சொன்னார். ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டினீர்கள். நான் ஒருத்திதான் மறுத்தேன். காரணம் சொல்ல வாய் திறக்க, சூம் நேரம் முடிஞ்சு போச்சு. அந்த மிச்சக் கதைதான் இந்த மடல். கொஞ்சம் சூடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தக் கேம் யாருக்கு? 2012 ஆகஸ்ட் 13-க்குப் பிறகு படகில் வந்து, 'ஃபாஸ்ட் ட்ராக்' என்ற வாய்க்காலுக்குள் தள்ளப்பட்டு, மறுக்கப்பட்டு, இன்றைக்கும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிற எங்கட சனத்துக்கு. விசா காலாவதியாகிற திகதிக்கு முன்னால் வேலை போகுமா, மெடிகெயார் அட்டை போகுமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறவர்களுக்கு. 2024-ல் டொக்லண்ட்ஸில் உள்துறை அலுவலகத்துக்கு முன்னால் நூறு நாளுக்கும் மேலாகக் கூடாரம் போட்டு இருந்தார்களே, அவர்களுக்கு. அவர்கள் சொன்ன கதையைத்தான் கேமாக்கப் போகிறோம். அவர்கள் விளையாடிப் பார்த்து "ஓம், இப்பிடித்தான்" அல்லது "பிழை, இப்பிடி இல்லை" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற அவுஸ்திரேலியர்கள்.

டண்டினோங்கிலும் பென்டில் ஹில்லிலும் அவர்கள் கையில் என்ன இருக்கிறது? கண்ணாடி வெடிச்ச பழைய அண்ட்ராய்ட் போன். பிரீபெய்ட் டேட்டா. லப்டொப் இல்லை. டிஸ்கோர்ட் கணக்கு இல்லை. இருக்கிற கணக்குக்கே பயம். வட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வந்தால் அமத்துவார்கள். திறந்தால் பார்ப்பார்கள், சுத்திக்கொண்டே நிண்டால் மூடிவிடுவார்கள். இதுதான் எங்கட அளவுகோல். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

இந்த நாட்டில் இப்படியொரு கேமை நாங்கள்தான் முதலில் செய்கிறோம் என்று நினைக்காதீர்கள். 2003-ல் மெல்பேர்னில் ஒரு சின்னக் குழு 'எஸ்கேப் ஃப்ரம் வூமெரா' என்ற கேமைத் தொடங்கியது. தென் அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் இருந்த வூமெரா தடுப்பு முகாமுக்குள் பத்திரிகையாளர்களைச் சுதந்திரமாக விடாத காலம் அது. கமரா போக முடியாத இடத்துக்குள் கேம் போகட்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். விளையாடுகிறவர் முஸ்தஃபா என்ற ஈரானிய அகதி. அவுஸ்திரேலியக் கலை மன்றம் 25,000 டொலர் கொடுத்தது. அப்போது குடிவரவு அமைச்சராக இருந்த பிலிப் ரடொக்கின் தரப்பு கொதிச்சது. சட்டத்தை மீறச் சொல்லிக் கொடுக்கிற கேமுக்கு அரச பணமா என்று பெரிய அமளி. உலகமெல்லாம் பத்திரிகையில் வந்தது.

எங்களுக்கு அவர்கள் மூத்தவர்கள். அந்த மரியாதையோடே ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கேம் 'ஹாஃப் லைஃப்' என்ற கேமுக்கு மேல் ஒட்டிச் செய்த மாற்றம். அதை ஓட்ட வேண்டுமென்றால் முதலில் உன்னிடம் ஹாஃப் லைஃப் இருக்க வேண்டும், அதை ஓட்டக்கூடிய கணினி இருக்க வேண்டும். முழுக் கேம் வரவேயில்லை, 2004-ல் முதல்மாதிரி மட்டும் வெளிவந்தது. அந்தக் கேமைப் பற்றி வாசித்தவர்கள் விளையாடியவர்களைவிடக் கூட என்றுதான் நினைக்கிறேன். முகாமுக்குள் இருந்த ஒரு முஸ்தஃபாவுக்கு அதைத் திறந்து பார்க்க வழி ஏது? அந்தக் காலத்தில் ஒரு முகாமை முப்பரிமாணத்தில் காட்ட ஒரு சின்னக் குழுவுக்கு வேறு வழி அதிகம் இல்லை, அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு இண்டைக்கு வழி இருக்கு. உலாவி இருக்கு. அதனால் எங்களுக்கு அந்தச் சாட்டும் இல்லை.

"சரி, உலாவிதான். அதுதானே நாங்களும் சொல்லுறம்" என்பீர்கள். இல்லை தோழர்களே, உலாவி என்று சொன்னால் மட்டும் காணாது. உலாவிக்குள்ளும் வாடகை வீடு இருக்கு, சொந்த வீடு இருக்கு.

என் வயதுக்காரர் எல்லாரும் பிளாஷ் கேமில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூட நூலகத்தில் ஆசிரியர் திரும்பினால் உடனே ஒரு ஜன்னல் திறக்கும். அந்த உலகத்தில் அரசியலும் இருந்தது. இத்தாலியின் மொலெயின்டஸ்ட்ரியா 2006-ல் மக்டொனால்ட்ஸ் பற்றி ஒரு நையாண்டிக் கேம் செய்தது: காட்டை அழிச்சு மாட்டை வளர்த்து, தொழிலாளியைப் பிழிஞ்சு, கடைசியில் நீயே முதலாளி மாதிரி யோசிக்கத் தொடங்குவாய். அதே வருடம் 'டார்ஃபூர் இஸ் டையிங்' வந்தது. எல்லாம் உலாவியில், எல்லாம் பிளாஷில். பிளாஷ் யாருடையது? முதலில் மக்ரோமீடியா, பிறகு அடோபி. அப்பிள் தன் ஐபோனுக்குள் அதை விடவேயில்லை. 2017-ல் அடோபி மூடப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 31 கடைசி நாள். 2021 ஜனவரி 12-லிருந்து பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. ஒரு தலைமுறையின் கேம்கள் ஒரு நிறுவனத்தின் நாட்காட்டியோடு செத்தன.

பிறகு காப்பாற்றியது யார்? சம்பளம் இல்லாத தொண்டர்கள். 'ரஃபிள்' என்ற எமுலேட்டரைத் திறந்த மூலமாக எழுதியவர்கள். 'பிளாஷ்பொயின்ட்' என்ற காப்பகத்தைக் கட்டியவர்கள். அதைத் தொடங்கினவர் ஒரு அவுஸ்திரேலியர். இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பரில் ரஃபிளைச் சேர்த்துக்கொண்டது. எங்களுக்கு இந்தக் கதை புதிசா? 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த சனத்தின் பிள்ளைகள் நாங்கள். 2005-ல் 'நூலகம்' மின்னூலகத்தைத் தொடங்கி இண்டைக்கும் ஸ்கான் பண்ணிக்கொண்டிருக்கிறதும் எங்கட ஆக்கள்தான். ஜியோசிட்டிஸ் 2009-ல் மூடினபோது அதிலிருந்த தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்து போனதை மூத்தவர்களிடம் கேளுங்கள். எரிச்ச பிறகு சாம்பலைக் கிளறுறதைவிட, எரிய முடியாத இடத்தில் முதலே வைக்கிறது நல்லது.

இனி யூனிட்டி. 2023 செப்டம்பர் 12: ஒரு குறிப்பிட்ட வருமானமும் எண்ணிக்கையும் தாண்டினால் ஒவ்வொரு நிறுவலுக்கும் காசு கட்ட வேண்டும் என்று யூனிட்டி அறிவித்தது. ஏற்கெனவே வெளிவந்த கேமுக்கும் சேர்த்து. 2019-ல் இதே நிறுவனம், விதி மாறினாலும் பழைய பதிப்பைப் பழைய விதியிலேயே வைத்திருக்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தது. உலகமெங்கும் கேம் செய்கிறவர்கள் எழும்பினார்கள், தலைமை நிர்வாகி போனார், சரியாக ஒரு வருடம் கழித்து 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டார்கள். "பாருங்கோ, கைவிட்டிட்டாங்கள்தானே" என்று தோழர் ஒருவர் சொன்னார். வீட்டுக்காரன் வாடகையை ஏற்றி, நாங்கள் கத்தினதால் இறக்கினான். திறப்பு இன்னும் அவன் கையில்தான் இருக்கு. எங்கட இலவசக் கேமுக்கு அந்தக் கட்டணம் வந்திருக்காது, உண்மை. ஆனால் வெளியிட்ட பிறகும் விதியை மாற்றலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பது தெரிஞ்சு போச்சு.

இன்னொன்றும் இருக்கு. அமெரிக்க இராணுவத்துக்கான வேலைகளில் யூனிட்டியின் பங்கு 2021-ல் வெளியில் வந்தது. தங்கள் உழைப்பு எதற்குப் போகிறது என்று அங்கு வேலை செய்கிறவர்களே கேட்டார்கள். 2022-ல் இஸ்ரேலின் ஐயன்சோர்ஸ் என்ற விளம்பர நிறுவனத்தை 4.4 பில்லியன் டொலருக்கு யூனிட்டி வாங்கி இணைத்தது. சனிக்கிழமை பாலஸ்தீன ஊர்வலத்தில் பதாகை பிடிச்சிட்டு ஞாயிற்றுக்கிழமை அந்த லோகோவோடு கேமைத் திறக்க எனக்கு மனசு வராது. உங்களுக்கு வருமா?

இனி எழுத்துப் பிரச்சினை. இதைத்தான் கூட்டத்தில் யாரும் கதைக்கவில்லை, எனக்கு ஆகக் கூடிய கோபமும் இதில்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பிரபல எஞ்சினில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கேம் செய்தேன். 'கொக்கு' என்று எழுதினேன். திரையில் முதலில் 'க' வந்தது, பிறகு தனியாக ஒரு கொம்பு, பிறகு தனியாக ஒரு கால். தமிழில் கொம்பைக் கணினி 'க'வுக்குப் பிறகுதான் சேமிக்கிறது. காட்டும்போதுதான் முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஒரு தனி நிரல் வேண்டும். ஆங்கிலத்துக்கு அது தேவையில்லை என்பதால் பல எஞ்சின்கள் அதைச் சேர்க்கவேயில்லை. குழுமங்களில் கேட்டால் இரண்டு பதில் வரும்: பாமினிக்கு மாற்றிப் போடு, அல்லது படமாக்கி ஒட்டு. பாமினியில் போட்டால் அது உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பை, தேட முடியாது. படமாக்கினால் பார்வையற்றவரின் போன் அதை வாசிக்காது, ஒரு எழுத்துப் பிழை திருத்தவும் புதுப்படம் செய்ய வேண்டும். இருபது வருடம் பாடுபட்டு யூனிகோடுக்கு வந்தது திரும்பப் பாமினிக்குப் போகவா?

உலாவிக்கு இந்த வேலை ஏற்கெனவே தெரியும். நீங்கள் இந்த மடலை வாசிக்கிறீர்களே, ஒரு கொம்பாவது பிரிஞ்சு நிற்கிறதா? சாதாரண வலைப்பக்கத்தில் எழுதின தமிழ் ஒழுங்காக வரும். ஆகவே என் முதல் தெரிவு ட்வைன். 2009-ல் கிறிஸ் கிளிமஸ் உருவாக்கினது, இலவசம், திறந்த மூலம். கதைக் கிளைகளைப் பெட்டி பெட்டியாக எழுதி அம்புக்குறி போட்டு இணைக்கலாம். நிரல் தெரியாத தோழர்களும் எழுதலாம். வெளியே வருவது ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. படமில்லாவிட்டால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். வட்ஸ்அப்பில் கோப்பாகவே அனுப்பலாம், யூஎஸ்பியில் கொடுக்கலாம், இணையம் இல்லாமலும் திறக்கும். ஒரு எச்சரிக்கை: ட்வைனை உலாவியில் திறந்து எழுதினால் கதை அந்த உலாவிக்குள்தான் இருக்கும். உலாவியின் தரவை அழித்தால் கதையும் போச்சு. ஒவ்வொரு நாளும் கோப்பாக இறக்கி வைக்க வேண்டும்.

அசைகிற படம், ஓடுகிற பொம்மை வேண்டுமென்றால் ஃபேசர் இருக்கு: 2013-லிருந்து வருகிற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், எம்ஐடி உரிமம், எழுத்தை உலாவியே வரையும். அதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டுமென்றால் கோடோ. ஆர்ஜென்டினாவில் இரண்டு பேர் எழுதி 2014-ல் உலகத்துக்குத் திறந்துவிட்டது. 2023-ல் வந்த கோடோ 4-லிருந்து தமிழ் எழுத்து ஒழுங்காக இணைகிறது. ஆனால் வலையில் அது போனின் எழுத்துருவை எடுக்காது; நோட்டோ தமிழ் போன்ற ஒரு எழுத்துருவைக் கேமோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். யூனிட்டியில் சி ஷார்ப் படித்த தோழர்கள் கவனியுங்கள்: கோடோ 4-ல் சி ஷார்ப்பில் எழுதினதை இப்போதைக்கு வலைக்கு ஏற்றுமதி செய்ய முடியாது, ஜிடிஸ்கிரிப்ட் பழக வேண்டும். ஏற்றுமதி செய்யும்போது ஒற்றை இழை வழியைத் தெரிவு செய்யுங்கள், 4.3-லிருந்து அது இருக்கிறது. இல்லாவிட்டால் சேர்வரில் விசேடத் தலைப்புகள் போட வேண்டிவரும். வெற்றுக் கேமே பல மெகாபைட் என்பதையும் மறக்க வேண்டாம். 'காலாவதி' முழுக்கக் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் காத்திருப்பும். அதற்கு முப்பரிமாணம் எதற்கு?

அடுத்தது, எங்கே வைக்கிறது. இட்ச் எனக்கும் பிடிச்ச இடம்தான். ஆனால் 2025 ஜூலையில் என்ன நடந்தது? கலெக்டிவ் ஷவுட் என்ற அமைப்பு, அதுவும் எங்கட அவுஸ்திரேலியாவிலிருந்து, பாலியல் வன்முறைக் கேம்களைக் காட்டிப் பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கு அழுத்தம் கொடுத்தது. அந்தக் கேம்களில் சிலதை எங்களில் ஒருவரும் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் பணக் கம்பனிகள் நெருக்க, இட்ச் வயதுவந்தோருக்கான உள்ளடக்கம் எல்லாவற்றையும் ஒரே இரவில் தேடலிலிருந்து மறைத்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். அதில் குயர் படைப்பாளிகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் செய்தவையும் இருந்தன. இலவசமானவை பிறகு திரும்பி வந்தன. இட்ச் கெட்டது என்று சொல்ல வரவில்லை; அவர்களும் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள், அவர்களின் வீட்டுக்காரன் காசு அட்டைக் கம்பனி. தடுப்பு முகாம், தற்கொலை எண்ணம், பொலிஸ், கார்த்திகை மாதத்து நினைவு விளக்கு எல்லாம் எங்கட கேமில் இருக்கு. நவம்பர் 27-க்குப் போட்ட பதிவு காணாமல் போன அனுபவம் இல்லாதவர் எங்களில் எத்தனை பேர்? எங்களைப் பற்றி ஒரு முறைப்பாடு போக எவ்வளவு நேரம் எடுக்கும்?

ஆகவே இட்ச்சைச் சுவரொட்டிச் சுவராக வைத்துக்கொள்வோம், வீடாக வேண்டாம். கூட்டமைப்பின் சொந்த டொமைனில், வெறும் கோப்புகளாகக் கேமை வைப்போம். ஒருத்தர் வாடகை சேர்வரை நிறுத்தினால் அதே கோப்புகளை அன்றைக்கே இன்னொரு இடத்துக்குத் தூக்கலாம். டிஸ்கோர்ட் வாசல் வேண்டாம், கணக்குத் திறக்கச் சொல்ல வேண்டாம், பகுப்பாய்வு நிரல் வேண்டாம். விளையாடுகிறவர் எந்த விடையைத் தெரிவு செய்தார் என்பது அவர் போனைவிட்டு வெளியே வரக்கூடாது. 2014 பெப்ரவரியில் குடிவரவுத் திணைக்களமே தடுப்பில் இருந்த ஏறத்தாழ 10,000 பேரின் விபரங்களைத் தவறுதலாக இணையத்தில் போட்டது, நினைவிருக்கா? தங்கள் பெயர் ஊரில் யார் கைக்குப் போனதோ என்று அன்றைக்கு நித்திரை இல்லாமல் இருந்தவர்களிடம் நாங்கள் 'லொகின் பண்ணுங்கோ' என்று கேட்கப் போகிறோமா? எங்களிடம் இல்லாத தரவை யாரும் எங்களிடமிருந்து களவெடுக்க முடியாது, கேட்டு வாங்கவும் முடியாது.

இனி உங்கள் மறுப்புகள். ஒன்று: "யூனிட்டி பழகினால் வேலை கிடைக்கும்." உண்மை, பழகுங்கள், சம்பளத்துக்கு அதைச் செய்யுங்கள், 2022-ல் தொடங்கின கேம் வேர்க்கர்ஸ் அவுஸ்திரேலியா தொழிற்சங்கத்திலும் சேருங்கள். ஆனால் எங்கட கேமை எங்கட சீவியோடு குழப்ப வேண்டாம். அரசாங்கத்தின் 30 வீதக் கேம் வரிச்சலுகைக்குக் குறைந்தது 500,000 டொலர் செலவழித்திருக்க வேண்டும். அந்தத் தொழிற்துறை எங்கட அளவுக்குத் தைத்த சட்டை இல்லை.

இரண்டு: "திறந்த மூலம் எண்டால் சோசலிசமா?" இல்லை. கோடோவுக்கும் பெரிய கம்பனிகள் நன்கொடை கொடுக்கின்றன. எம்ஐடி உரிமத்தில் இருப்பதை ஆயுதக் கம்பனியும் எடுத்துப் பாவிக்கலாம், தடுக்க முடியாது. நான் கேட்பது புனிதமான கருவி இல்லை. நாளைக்கு யாராவது விதியை மாற்றினால் இன்றைக்கு எங்கட கையில் இருக்கிற பிரதி அப்படியே ஓடுமா என்று மட்டும் கேட்கிறேன். ட்வைன், ஃபேசர், கோடோவுக்கு விடை ஓம்.

மூன்று: "சனம் இருக்கிற இடத்துக்குப் போக வேணும்." இதில் நான் முழு உடன்பாடு. டிக்டொக்கில் துண்டுக் காணொளி போடுவோம், அப் ஸ்டோர் கதவையும் தட்டுவோம். ஆனால் மொலெயின்டஸ்ட்ரியாவின் 'ஃபோன் ஸ்டோரி' 2011 செப்டம்பரில் அப்பிள் கடையிலிருந்து தூக்கப்பட்டது. கொங்கோ கனிமத்திலிருந்து சீனத் தொழிற்சாலைத் தற்கொலை வரை, கையில் இருக்கிற அதே போனின் கதையைச் சொன்ன கேம் அது. கடைக்கு வெளியிலும் இருந்ததால்தான் அது பிழைத்தது. சனத்தைத் தேடிப் போகலாம், திரும்பி வர ஒரு வீடு இருக்க வேண்டும்.

நான்கு: "வடிவா இருக்காது." இதுக்கு மட்டும் கொஞ்சம் வலிச்சது. எழுத்தும் பொத்தானும் மட்டும் இருக்கிற கேம் ஏழைத்தனமாகத் தெரியும் என்று சொன்ன தோழருக்கு: போன மாதம் பென்டில் ஹில்லில் ஒரு அண்ணைக்கு ட்வைனில் செய்த முதல் ஐந்து நிமிசத்தைக் காட்டினேன். அவர் பன்னிரண்டு வருடமாகப் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறார். பழைய போன், பஸ் தரிப்பிடம், டேட்டா குறைவு. திறந்தது. திணைக்களத்தின் கடிதம் வருகிற இடத்தில் நின்று, திரும்ப முதலிலிருந்து வாசித்தார். பிறகு, "தங்கச்சி, இதில வேலை அனுமதி நிண்ட கிழமை முதலாளி போன் எடுக்கமாட்டான். அதைப் போடுங்கோ" என்றார். அந்த இரவே போட்டேன். ஒரு வரி, ஒரு பெட்டி, ஒரு அம்புக்குறி. முப்பரிமாண எஞ்சினாக இருந்திருந்தால் அந்தத் திருத்தத்துக்கு எத்தனை வாரம், எத்தனை பேர்?

ஆகவே ஞாயிறு என் முன்மொழிவு இதுதான். 'காலாவதி' ட்வைனில். தேவைப்பட்டால் ஒரு சின்ன அசைகிற பகுதி ஃபேசரில். கோப்புகள் எங்கட டொமைனில், பிரதி இட்ச்சில், இன்னொரு பிரதி ஒவ்வொரு நகரத்திலும் ஒருத்தர் கையில் யூஎஸ்பியில். லொகின் இல்லை, கண்காணிப்பு இல்லை. மூலக் கோப்பு எல்லாருக்கும் திறந்து, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற தோழர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும். ஜூலை நினைவு நிகழ்வுக்கு முன்னால் முடிக்கலாம், கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கட சனத்தின் வாழ்க்கையை ஒரு திகதியில் கட்டிப்போட்டு, அந்தத் திகதியை எப்ப வேணுமெண்டாலும் மாற்றுகிற ஒரு திணைக்களத்தைப் பற்றித்தான் கேம் செய்கிறோம். அந்தக் கேமையே இன்னொருத்தரின் திகதியில் கட்டிப்போட வேண்டாம்.

மறுக்கிறவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள், கூட்டத்துக்கு முன்னால் எல்லாருக்கும் அனுப்புகிறேன். பிறகு ஞாயிறு சண்டை பிடிப்போம். தேத்தண்ணி நான் கொண்டுவாறன்.

தோழமையுடன்,
சிட்னிக் குழுவிலிருந்து ஒருத்தி